இடது கன்னம்

முன்னறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். உள்ளே தேன்பெட்டிக்கான மரச்சட்டத்தில் மெழுகுத்தகடு பதித்துக்கொண்டிருந்த பயிற்சியாளரின் கை அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருஷமாகியும் பேராசிரியரின் அந்தச் செருமலை அவள் மறக்கவில்லை.

அவளுடைய அம்மா வேளாண் கல்லூரியில் பெருக்கித் துடைத்தவள். அதே கல்லூரிக்குள் மகள் மாணவியாக நுழைந்த அன்று வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். தேனீச் செய்முறைத் தேர்வில் மகள் பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், பேராசிரியரைத் தேனீக்கள் மொய்த்துக் கொட்டின. வீங்கிய முகத்தோடு எல்லார் முன்னாலும் அவர் கேட்டார்: "துடைப்பம் பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எதுக்கு?" பூஜ்யம் போட்டார். படிப்பில் ஒரு வருஷம் போயிற்று. மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்காமலே அம்மா கண்ணை மூடினாள்.

தேர்வுக்கு முன் அவர் வாழைப்பழம் தின்றதை அவள் பார்த்திருந்தாள். கொட்டும் தேனீ மற்றத் தேனீக்களை அழைக்க விடும் வாசனை பழுத்த வாழைப்பழத்தின் வாசனைதான் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று அவள் நடத்தும் பயிற்சிக் கூடத்தில் அதுவே முதல் பாடம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளைத் தேனீயில் பழக்கிப் பண்ணை வேலைகளுக்கு அனுப்புகிறாள்.

முன்னறைக்கு வந்தாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"ரிட்டயராகிப் பழத்தோட்டம் போட்டிருக்கேன்மா. பூத்துக் குலுங்குது, ஒரு தேனீயைக் காணோம். இருபது பெட்டி வேணும்."

"முதல்ல சாப்பிடுங்க சார்." வாழைப்பழத் தட்டை நகர்த்தினாள். இரண்டை உரித்துத் தின்றார்.

"வாங்க, பெட்டியைத் திறந்து காட்டுறேன். முகவலை வேண்டாம், சாதுவான கூட்டம்."

மூட்டை தூக்குபவரின் மகள், இந்த வருஷத்து மாணவி, தட்டில் கிடந்த தோலைப் பார்த்துவிட்டு வாசலை மறித்தாள். "அக்கா, சார் பழம் சாப்பிட்டிருக்கார். இப்படியே போனார்னா அவர் வீட்லயே அவரை அடையாளம் தெரியாது."

இத்தனை வருஷத்துக் கணக்கு கைக்கெட்டும் நேரத்தில் அவள் சொல்லிக்கொடுத்த பாடமே குறுக்கே வந்து நின்றது. பெண்ணை அறையவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது.

"பழத்துக்கும் தேனீக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் அவர்.

"இவளுக்கு முதல் நாளே தெரிஞ்சது, உங்களுக்கு இன்னும் தெரியல. செய்முறைத் தேர்வன்னைக்கு எந்தக் கன்னம் சார் வீங்கிச்சு?"

அவர் கை தானாக இடது கன்னத்துக்குப் போயிற்று.

"நீ... அந்தப் பெருக்குறவ பொண்ணா?"

"அவளேதான்."

"தெரியாம நடந்துபோச்சும்மா. ஒரு வருஷம்தானே போச்சு உனக்கு? இந்தப் பூ அஞ்சு நாள்தான் நிக்கும். பெட்டி இல்லன்னா இந்த வருஷம் ஒரு காய் பிடிக்காது."

"ஒரு வருஷம்தானே சார்? போகட்டும்."

அவர் செருமினார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"கதவைச் சாத்தும்மா," என்றாள் மாணவியிடம். "பழவாசனை பெட்டிங்க பக்கம் போயிடும்."