கடைவாய்ப் பல்லால் ஓடும் கப்பல்

ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று என் கடைவாய்ப் பல்லால் ஓடுகிறது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் என் வாயைப் பார்க்கிறார்கள். பிறகு, "அம்மாவுக்கு எத்தனை நாளா இப்படி?" என்று கேட்பதுபோல என் மகனைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். கப்பல் ஓடவில்லை. துறைமுக அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மற்றபடி பல் விஷயம் சத்தியம்.

கப்பலைக் கட்டியவள் என் மருமகள். அவளுக்குத் தொழில் பல் செய்வது. பிடுங்குவது டாக்டர், பிடுங்கின இடத்துக்குப் பல் செய்து அனுப்புவது இவள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில், ஜன்னலோர மேசையில், யார் யாருடைய தாடைகளையோ பிளாஸ்டரில் வார்த்து வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரில் பாதிப் பேர் இவள் தயவில்தான் மெல்லுகிறார்கள். (சரி, கால்வாசிப் பேர்.) ஆனால் எதிரே வந்தால் ஒருவருக்கும் இவளை அடையாளம் தெரியாது.

"நல்ல பல்லுன்னா என்ன தெரியுமா அத்தை? அது செஞ்ச பல்லுன்னு யாருக்கும் தெரியக்கூடாது. எவனாவது 'அட, பல்லு நல்லாருக்கே'ன்னு திரும்பிப் பாத்துட்டா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வாழ்நாள் முழுக்க உழைப்பது, அந்த உழைப்பு கண்ணில் படாமல் போவதற்காகவா?

ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், பொம்மைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டியைப் பார்த்திருக்கிறாள். பெட்டி மேல் 'தகாவோ' என்ற பழைய ஜப்பானியப் போர்க்கப்பலின் படம். பெட்டியோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் நீட்டினாள்.

"இதோட முகத்தைப் பாருங்க அத்தை! ஒரே வாய்க்குள்ள எத்தனை பல்லு! ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, இடம் பத்தாம முட்டிக்கிட்டு!"

பார்த்தேன். கப்பலின் நடுவே கோட்டை மாதிரி ஒரு கோபுரம். தட்டுமேல் தட்டு, மாடம்மேல் மாடம், இண்டு இடுக்கெல்லாம் கண்ணாடி, கருவி, குழாய். எனக்கு அது கப்பலாகத் தெரிந்தது. அவளுக்கு அது சீர்செய்யக் காத்திருக்கும் வாய். அன்றைக்கு விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டுகளைக் கப்பலாக ஒட்டி முடித்தாள். இன்னும் இரண்டு பெட்டி வாங்கி அவற்றையும் முடித்தாள். மூன்றும் அலமாரியில் அடங்கின. யாருக்கும் தொந்தரவு இல்லை. அதற்குப் பிறகு ஆசை பெருத்துவிட்டது. அதே தகாவோவை, பெட்டி எதுவும் இல்லாமல், வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உண்மைக் கப்பலில் இருநூறில் ஒரு பங்காகத் தானே அடியிலிருந்து கட்டப்போவதாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் இரண்டே அறை, ஒரே மேசை. அது சாப்பாட்டு மேசை. கப்பலின் அடிக்கட்டை அதன் மேல் ஏறியது. நாங்கள் நால்வரும் கீழே இறங்கினோம்.

நால்வர் என்றால் நான், மருமகள், பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் மகன், அப்புறம் என் வீட்டுக்காரர். அவர் மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கடையை மூடி வருடங்கள் ஆகின்றன. வாயை மட்டும் இன்னும் மூடவில்லை. தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவது அவருக்கு மரணதண்டனை. "மனுஷன் நிமிர்ந்து உக்காந்து சாப்பிடத்தான் மேசைன்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சான்" என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்துக்கும் பிரசங்கம் செய்வார்.

மருமகள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல்லைக் கடையும் குட்டி டிரில்லால் கப்பலின் வட்ட ஜன்னல்களைத் துளைத்தாள். தெத்துப்பல்லை இழுத்துக் கட்டும் கம்பியை வளைத்துத் தளத்தைச் சுற்றிக் கைப்பிடி வேலி போட்டாள். ஊசிமருந்து ஊசிகளை அறுத்துச் சின்னச் சின்னப் பீரங்கிகளுக்குக் குழாய் வைத்தாள். இந்த ஜப்பான்காரர்கள் கப்பல் தளத்தில், ஆஸ்பத்திரித் தரையில் விரிப்பார்களே, அந்த மாதிரிப் பழுப்பு விரிப்பை ஒட்டி, குறுக்கே பித்தளைப் பட்டை அடித்திருக்கிறார்கள். அந்தப் பட்டைக்கெல்லாம் தலைமுடி கனத்தில் பித்தளைக் கம்பி தேடி ஊரையே சலித்தாள். வண்ணத்துக்கு வந்தபோது பெரிய கூத்து. அவர்கள் ஊரில் கப்பல் கட்டும் ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு சாம்பல் நிறம் கலக்குமாம். நான்கு அட்டைகளில் பூசிக்கொண்டு வந்து, "எது சரி?" என்று எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டாள்.

"நாலும் மழை வரப்போற மாதிரி இருக்கு" என்றான் மகன்.

"நாலும் ஒரே கலர்" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டாவது" என்றேன் நான், அந்தஸ்தைக் காப்பாற்றிக்கொள்ள. அது தவறு என்று பிறகு தெரிந்தது.

ஒருநாள் வீட்டுக்காரர் கப்பலின் பீரங்கி ஒன்றை விழுங்கிவிட்டார் என்றும், இரண்டு நாள் அவர் வயிற்றுக்குப் பக்கத்தில் யாரும் போகவில்லை என்றும் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். விழுங்கவில்லை. மேசையிலிருந்து உருண்டு அவர் தட்டில் விழுந்திருக்கிறது, பட்டாணி அளவு. கடித்தார். 'கடக்' என்று சத்தம் கேட்டது. பீரங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் எழுந்து நின்ற நிற்பைப் பார்த்து, ஒன்று கப்பல் போகும், இல்லை இவர் போவார் என்று நினைத்தேன்.

அந்தச் சமயம்தான் அருங்காட்சியகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. மாதிரிக் கப்பல் போட்டி. முதலாவதாக வரும் கப்பலுக்கு முன்கூடத்தில் நிரந்தரமாக ஒரு கண்ணாடிப் பெட்டி. கீழே கட்டியவரின் பெயர் பொறித்த பலகை. மருமகள் அந்தத் தாளைப் படித்துவிட்டு, கடைசி வரியை மட்டும் திரும்பப் படித்தாள்.

"பேரு போடுவாங்களாம் அத்தை" என்றாள், மெதுவாக.

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, ஒரு பேச்சு பேசிக்கலாமா? நீ ஜெயிச்சா இந்த மேசை உன்னோடது. எத்தனை கப்பல் வேணாலும் கட்டு, நான் வாயே திறக்க மாட்டேன். தோத்தா கப்பல் பரணுக்கு, நான் மேசைக்கு. சம்மதமா?"

"சம்மதம் மாமா."

"அவரு வாயே திறக்க மாட்டாரா? அப்ப நானும் உன் கட்சிம்மா" என்றேன்.

கப்பலைச் சனிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். கப்பல் முடிந்துவிட்டது என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். பின்பக்கம், தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தில், கப்பலைத் தள்ளும் நான்கு விசிறிகள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, பொன்னிறத்தில் பளபளவென்று. பல் கூடத்தில் மிஞ்சிய மஞ்சள் உலோகத்தில் வார்த்தவை. வீட்டுக்காரர் மேசைக்குப் பக்கத்தில் நின்று தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார், குனிந்து கப்பலைப் பார்த்தார், மறுபடியும் விசிறியைப் பார்த்தார்.

"இந்தக் கப்பல் நேராப் போகாது" என்றார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள எங்கங்க போகப்போவுது?"

"அடியே, நாலு விசிறியும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு பாரு. இந்தப் பக்கத்து ரெண்டும் இப்படிச் சுத்துனா, அந்தப் பக்கத்து ரெண்டும் அப்படித்தான சுத்தணும்? எல்லாம் ஒரே பக்கம் சுத்துனா கப்பல் ஒருச்சாய்ச்சு இழுத்துக்கிட்டே கெடக்கும்."

எனக்குப் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. "நீங்க ஏன் இதைச் சொல்றீங்க? பேசாம இருந்தா சனிக்கிழமை சாயங்காலம் மேசை உங்க கையில" என்றேன். சும்மா சீண்டினேன், எனக்கா அவரைத் தெரியாது?

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மேசை கடையில கிடைக்கும்" என்றார். பிறகு அவள் வரும்வரை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

அவள் வந்ததும் சொன்னார். அவள் வரைபடத்தை எடுத்து விரித்தாள். அதில் தெளிவாகவே இருந்தது, ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி. இவள் ஒரே ஒரு விசிறியை மெழுகில் செதுக்கி, அதற்கு அச்செடுத்து, அந்த அச்சிலேயே நான்கையும் வார்த்துவிட்டாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மாமா, இடது கடைவாய்ப் பல்லையும் வலது கடைவாய்ப் பல்லையும் நான் தூக்கத்துலகூட மாத்தினது கிடையாது. போயும் போயும் இதுல..."

"கப்பலுக்கு வாய் வலிக்காது, அதனால உனக்குத் தெரியல" என்றார் அவர். "இன்னும் நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல? ரெண்டு வார்த்துடு."

"உலோகம் இல்ல மாமா. எல்லாம் தீந்துடுச்சு. அடுத்த வாரம்தான் வரும்."

"வேற எதுலயாவது செஞ்சு பொன்னு கலர் பூசிடேன்" என்றான் மகன்.

"பூசினா பூசினதுன்னு தெரியும்" என்றாள் அவள். பல் செய்கிறவளிடம் போய் இதைச் சொல்லலாமா? மகன் நகர்ந்துகொண்டான்.

அப்போதுதான் நான் எழுந்தேன். என் நகைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே, ஒரு காலத்தில் என் இரண்டு கடைவாய்ப் பற்களை மூடியிருந்த தங்க உறை இருந்தது, இரண்டும் ஒட்டினபடி. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "உருக்கு" என்றேன். ஒரே சொல். ராணிகள் அதிகம் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை, பல் கூடத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போன இடைவேளையில் அவள் வார்த்தாள். பல் வார்க்கும் அதே முறைதான். இடவலம் மாற்றி மெழுகில் இரண்டு விசிறி செதுக்கி, சுற்றிலும் பிளாஸ்டர் மாதிரி மாவை ஊற்றி இறுக வைத்து, சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் தங்கம் ஓடிப் போய் நிற்கும். சாயங்காலம் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். இடப்பக்கம் பொருத்தினாள். வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "இப்பப் போகும்" என்றார்.

சனிக்கிழமை மகன் தன் வேனில் எங்களையும் கப்பலையும் ஏற்றிப் போனான். வேகத்தடை வந்தபோதெல்லாம் வேனை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, கப்பலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏறினான். அருங்காட்சியகக் கூடத்தில் வேறு கப்பல்களும் நிறைய. பெரிய பெரிய கப்பல்கள், பெரிய பெரிய மனிதர்கள். என் மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும் ஒருவர், "ஓ, பல்செட் கப்பலா!" என்றார். நான் அவருடைய கப்பலைப் பார்த்து, "மிதக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

நடுவர், கடலில் வாழ்நாளைக் கழித்த ஒரு கேப்டன். நரைத்த பெரிய மீசை. ஒவ்வொரு கப்பலுக்கும் முன்னால் ஒரு நிமிடம் நின்று நகர்ந்தவர், எங்களிடம் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கோபுரத்தைப் பார்த்தார். பழுப்புத் தளத்தைப் பார்த்தார். பிறகு, அந்த வயதில், முழங்கால் போட்டுத் தரையில் அமர்ந்து, டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் கை என் கையைத் தேடி வந்தது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

"பாதிப் பேர் இங்கதான் சறுக்குவாங்க. நாலையும் ஒரே பக்கமா வச்சிடுவாங்க" என்றார் கேப்டன், தரையிலிருந்தபடியே. "எத்தனை பேர் சேர்ந்து கட்டுனீங்க?"

"நான் கட்டினேன் சார். மாமா சரிபார்த்தாரு."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பல்லு செய்றேன்."

கேப்டன் டக்கென்று வாயை மூடிக்கொண்டார். "மேல் செட்டு அருமையா இருக்கு சார், தெரியவே இல்ல. கீழ் செட்டுதான் கொஞ்சம் தளருது. ஒருநாள் வந்தீங்கன்னா சரிபண்ணித் தரேன்" என்றாள் இவள். மீசை குலுங்க அவர் சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் பல்லும் இவள் செய்ததுதான் என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. இல்லை. வேறு யாரோ செய்தது.

முதலிடம் அவளுக்கு. சந்தேகப்பட ஒன்றுமில்லை, கேப்டன் எழுந்து நிற்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. இன்றைக்கு அந்த முன்கூடத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அவள் கப்பல், கீழே அவள் பெயர், பித்தளையில். பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவளும் போய், யாரோ போல அவர்களுக்குப் பின்னால் நின்று அவர்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

மேசை காலியாக இருந்தது ஒரே வாரம். அந்த வாரம் முழுக்க, "வாங்க மாமா, மேல உக்காந்து சாப்பிடுங்க" என்று அவள் கெஞ்சியும் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. பேச்சு பேச்சுதானாம். தட்டை மடியில் வைத்து, இடது பக்கமாகவே மென்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் விசிறி சுற்றும் திசையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். இப்போது மேசையில் புதுக் கப்பல் ஏறியிருக்கிறது. விமானந்தாங்கி. மேலே ஒரு மேடு பள்ளம் இல்லாமல், நீளமாக, தட்டையாக. நேற்று அதன் தளத்தில் அவர் டீ டம்ளரை வைத்திருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன். "இந்தக் கப்பல் எனக்குப் புடிச்சிருக்கு" என்றார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது உரக்கப் படித்தேன். மகன் கைதட்டினான். மருமகள் ஏனோ மாமனாரைப் பார்த்தாள். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரி. பல்லு மட்டும் தப்பு. அன்னிக்குப் பீரங்கியைக் கடிச்சதுல கழண்டு விழுந்துச்சே, அது என் தங்க உறை. ஒட்டித் தரேன்னு மருமக வாங்கி வச்சிருந்தா. 'ஒட்ட வேணாம், உருக்கிடும்மா'ன்னு சொன்னவன் நான். உன் வாயில தங்கம் எப்ப இருந்துச்சு? நாக்குதான இருந்துச்சு!"