அப்பாவை எதிராளியாக எழுதிய நாள்

ஈரக் கம்பளியின் நெடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மொன்றியலில் எனக்கு அது முதற் குளிர்காலம். வகுப்பறைச் சூடேற்றியின் மேல் பிள்ளைகளின் கையுறைகள் நெருக்கமாகக் காய, என் பக்கத்து நாற்காலி மட்டும் எப்போதும் வெறுமையாக இருக்கும். பன்னிரண்டு வயதில், அம்மாவை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு, ஆறு வருடம் காணாதிருந்த அப்பாவிடம் தனியாக வந்திருந்தேன். அவருக்கு நகர மையத்தில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. அம்மாவிடம் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் "பேந்து பாப்பம்", பிறகு பார்க்கலாம், என்பார். அதற்குமேல் பேச்சு வளராது.

பிரெஞ்சுப் பள்ளியில் ஆங்கிலமும் ஒரு பாடம். சொல் ஒப்புமைப் பயிற்சியில், பறவைக்குக் கூடு என்றால் நாய்க்கு எது என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஊர் நாய்களை நினைத்துத் "தெரு" என்று எழுதினேன். சிவப்புக் கோடு விழுந்தது. ஏன் பிழை என்று கேட்க எனக்கு ஆளில்லை.

அடுத்த கிழமை ஆங்கில ரீச்சர் "அன்ராகனிஸ்ற்", அதாவது எதிராளி, என்ற சொல்லைப் படிப்பித்தார். எதிராளி கெட்டவராக இருக்கத் தேவையில்லை, கதாநாயகி விரும்புவதற்குக் குறுக்கே நிற்பவர், அவ்வளவுதான் என்றார். உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒருவரை எழுதுங்கள் என்றதும் யோசிக்காமலே அப்பாவை எழுதிவிட்டேன்.

ரீச்சர் அவரைப் பள்ளிக்கு அழைத்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவள் நானே. ரீச்சர் தாளில் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினார்.

"என்ன சொல்லுறா பிள்ளை? உந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?"

"கதையிலை முக்கியமான ஆள் எண்டு, அப்பா. நல்லா எழுதியிருக்கிறனாம்."

அவர் இரண்டு தரம் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கும்பிட்டார். பஸ் தரிப்பிடத்தில் என் பக்கம் திரும்பினார்.

"நல்லா எழுதினதுக்கு ஒரு ரீச்சர் அப்பிடிக் கவலையாப் பாக்கமாட்டா. உண்மையைச் சொல்லு."

சொன்னேன். பஸ் வந்து நின்று, கதவு மூடிப் போனது. அவர் ஏறவில்லை.

"நீ எழுதினது சரிதான். அம்மாவின்ரை விசா வருமட்டும் நான் குறுக்கைதான் நிப்பன். என்னோடை கோவமா இரு, பரவாயில்லை. கதையாமல் மட்டும் இராதை."

அன்று வீடுவரை பனியில் நடந்தோம். நாய் விடையைச் சொன்னேன், நெடுநேரம் சிரித்தார்.

இரண்டு குளிர்காலம் கழித்து அம்மா வந்தார். இன்று மொன்றியலை அடுத்த புரோசார்ட்டில் என் பிள்ளைகள் பிரெஞ்சிலேயே சண்டை பிடிக்கிறார்கள். அப்பா இல்லை, அந்தத் தாளும் எப்போதோ வீடு மாறுகையில் தொலைந்துபோயிற்று. கோபித்துக்கொள்ளவும், அந்தக் கோபத்தோடே கதைத்துக்கொண்டு நடக்கவும் எனக்கொரு ஆள் இருந்த காலம் அது.