அண்ணா அழுத்தாத பொத்தான்

அண்ணா அமெரிக்காவில் பென்சில்வேனியாவுக்கு வேலைக்குப் போய், அங்கே ஒரு சிறிய சபையில் ஞானஸ்நானம் எடுத்தபோது ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை.

"இந்த மாநிலமே அவரவர் விரும்பினபடி கும்பிடட்டும் எண்டு தொடங்கின இடம், அம்மா" என்று தொலைபேசியில் சொன்னார். அம்மா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டார். "குடியை விட்டிட்டான், அது போதும்" என்றார் அப்பா.

போன தை மாதம் அப்பா இறந்தார். அண்ணா கிடைத்த விமானத்தில் வந்து, அப்பாவின் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். ஆனால் தகனசாலை மண்டபத்தில் ஐயர் தர்ப்பையை நீட்டியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. என்னாலை ஏலாது."

அண்ணா ஒரே மகன்; நான் தங்கை. அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. தகனசாலைக்காரர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக நின்றார்.

இங்கே கொள்ளி என்பது உலைக்கதவின் பக்கத்திலுள்ள ஒரு பொத்தான். அம்மா அண்ணாவிடம் போனார்.

"தம்பி, கிரியை ஒண்டும் வேண்டாம். அந்தப் பொத்தானை மட்டும் அமத்திவிடு. அது வெறும் மெசின்தானே."

"வெறும் மெசின் எண்டால் ஆரும் அமத்தலாம்தானே, அம்மா. உங்களுக்கு அது கொள்ளி. அதாலைதான் எனக்கு ஏலாமல் கிடக்கு."

அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குப் படவில்லை. அம்மா கேட்டதிலும் பிழை இல்லை. இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, யாருடைய கையைப் பிடிப்பதென்று தெரியாமல் இருந்தேன்.

"நான் செய்யலாமோ, ஐயா?" என்று கேட்டேன்.

"செய்யலாம் பிள்ளை. கெதியா வாங்கோ."

நான் தர்ப்பை போட்டு, மந்திரத்தைப் பிழையாகச் சொல்லி, கடைசியில் பொத்தானை அழுத்தினேன். அம்மா உலையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற அண்ணாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்களை மூடியிருந்தார், உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவரும் அப்பாவுக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அண்ணா அமெரிக்காவிலிருந்து அழைத்தார். சபையில் எல்லோரும் எழுந்து நின்று அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்களாம். அம்மா முழுவதையும் கேட்டார்.

"சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, போனை என் கையில் தந்துவிட்டுப் படையல் போடப் போனார்.

"அம்மா கோவமோ?" என்றார் அண்ணா.

"தெரியேல்லை, அண்ணா" என்றேன்.