பின்வரிசை மூட்டைகள்

மேபல் அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, கொட்டாஞ்சேனை ஸ்டோரில் நான் செத்தல் மிளகாய் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் கொள்கலன் லொறி நின்றது. இறக்கி முடித்துவிட்டுப் போகும்படி முதலாளி சொன்னார். நானும் முடித்துவிட்டுத்தான் போனேன். அக்காவை அறிந்து, அவருடைய முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வரப்போகிற உங்களிடம் அந்த அடுக்கைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, பெண்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் அக்கா. பெயர் கேட்டால்கூட நான் நிலத்தைப் பார்ப்பேன். "என்ன பிள்ளை, உன்ர வாயக் கஸ்டம்ஸில பிடிச்சு வச்சிருக்கிறாங்களோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாராவது என்னிடம் ஏதும் கேட்டால், எனக்காக அவரே பதில் சொல்லிவிடுவார்.

வெளிநாட்டிலிருந்து வரும் மிளகாய் உடனே கடைக்குப் போகாது. பூஞ்சண நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கச் சுகாதார அதிகாரி வந்து மாதிரி எடுப்பார். ஆய்வுகூட அறிக்கை வரும்வரை சரக்குக்குச் சீல் வைத்திருப்பார்கள். கொள்கலனுக்குள் ஈரம் பட்ட மூட்டைகளைச் சுவரோடு வைத்து, காய்ந்தவற்றை முன்னால் அடுக்குவது எங்கள் வழக்கம். வீட்டுக்கு ஆட்கள் வரும்போது முன்னறையை மட்டும் கூட்டிவிடுவதுபோல அதை நினைத்திருந்தோம். ஒருநாள் அக்கா அதிகாரியை நேரே பின்வரிசைக்குக் கூட்டிப்போனார். "நல்ல மூட்டையப் பாக்கிறதுக்கு அதிகாரி எதுக்கு? அதை நானே பாப்பன்," என்று பிறகு எங்களிடம் சொன்னார். அறிக்கையில் நஞ்சு என்று வந்து, சரக்கு முழுவதும் திரும்பிப் போனது. அடுத்தது வரும்வரை எங்களுக்கு வேலை இல்லை.

கோயில் வாசலில் ஒருத்தி, "அரிச்சந்திரன்ட தங்கச்சி வாறா," என்றாள். "தங்கச்சி இல்லடி, அக்கா," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அந்த நாட்களில் நானும் அவரோடு கதைக்கவில்லை. எப்போதுமே பேசாதவள் என்பதால், என் மௌனத்தில் கோபம் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. அது எனக்கு வசதியாக இருந்தது. இதய நோயால் அக்கா வீட்டோடு இருந்துவிட்டபோது, தன்னுடைய பொறுப்பை எனக்குக் கொடுக்கும்படி முதலாளியிடம் கேட்டவரும் அவர்தான்.

அவர் இறந்த அன்று வந்த சரக்கில் ஈரம் இருந்தது. அந்த மூட்டைகளைச் சுவரோடு வைத்தவை என் கைகள். மறுநாள் காலை அதிகாரி வந்து, எல்லாம் ஒரே மாதிரியா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமென்று நான் தலையை ஆட்டினேன். அவர் முன்வரிசையில் மட்டும் மாதிரி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் முகத்துவாரம் மயானத்தில் அடக்கம். மகள் என் கைகளைப் பிடித்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். "அம்மாட மணம்," என்றாள். மிளகாய் மணம். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற முதலாளி, அக்காவின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வேண்டிய மிளகாய்த் தூளை இந்தச் சரக்கிலிருந்தே தருவதாகச் சொன்னார். அன்போடுதான் சொன்னார்.

அடுத்த நாள் அதிகாரியை அழைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பின்வரிசையைச் சொன்னேன். அவர் திரும்பி வந்து அங்கேயும் மாதிரி எடுத்தார். அறிக்கை இன்னும் வரவில்லை.

இதற்காக என்னை மெச்ச வேண்டாம். முகம் தெரியாதவர்கள் சாப்பிடுவார்கள் என்றபோது நான் தலையாட்டினேன். உங்கள் தட்டில் விழும் என்றபோதுதான் வாய் திறந்தது. அக்கா அப்படி ஆள் பார்த்தவர் இல்லை.

இந்தச் சரக்கும் திரும்பினால் வேலை இல்லாமல் போகும் என்று ஸ்டோர் பெண்கள் இப்போது என்னோடு கதைப்பதில்லை. அவர்களுடைய வீடுகளை நினைத்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை. வேலை மறுபடி தொடங்கியும் நாங்கள் அவரோடு பேசாமலிருந்த காலத்தில் அக்கா தனியாகப் போய்ச் சாப்பிட்டதில்லை. எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து பார்சலைப் பிரிப்பார். யாரும் நகர்ந்து இடம் கொடுக்காவிட்டாலும் உட்கார்ந்துவிடுவார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருவேன். உங்கள் நடுவில்தான் உட்காருவேன்.