அப்பா படகு நின்ன இடம்

"எங்கப்பா படகு நின்ன இடத்துல எவனோ ஐஸ்கிரீம் நக்குறான்!"

காலையில அடுப்பு மூட்டுறதுல இருந்து கடை கட்டுற வரைக்கும் அமெர்லே வாயில இதுதான். அக்ராவுல, தெஷி கடற்கரையில மீன் பொரிச்சு விக்கிறவ. அவ கடைக்கு எதிர்லயே மதில் எழுப்பி, உள்ள ராட்டினம், நீச்சல் குளம், சாப்பாட்டுக் கடைன்னு கட்டிட்டாங்க. கடலைப் பாக்கக்கூட டிக்கெட்.

ஹோமோவோங்கிறது அவங்க ஊர்ல பசியைப் பாத்துக் கைகொட்டிச் சிரிக்கிற திருநாள். சோளமாவை அவிச்சு, செம்பனை எண்ணெய் விட்டுப் பிசைஞ்ச பொக்பொய்யை, செத்தவங்க இருந்து புழங்கின இடத்துலயெல்லாம் தூவணும். அது குடும்பத் தலைவன் வேலை. தலைவன், அவ அண்ணன் ஓதோய். அந்த மனுஷன் மதில் வந்ததுல இருந்து இந்தப் பக்கமே நாலு பிடி போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவான்.

"அப்பா என்ன, மதிலேறிக் குதிச்சு வந்தா தின்பாரு?" அமெர்லே பிடிச்சுக்கிட்டா. "தூவாம விட்டா, அது நம்ம இடமில்லேன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி."

இந்த வருஷம் விடல. அண்ணன், அண்ணி, பிள்ளைங்க, தன் மக அயோர்கோர், எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தா. பொக்பொய் சட்டியைத் தலையில வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா.

வாசல்ல காவக்காரன் மறிச்சான். "வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டோம்மா."

"எங்களுக்கில்ல தம்பி. செத்தவங்களுக்கு."

"யாருக்கா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்."

"சரி, எங்கப்பாவையே ராத்திரி உன் வீட்டுக்கு அனுப்புறேன். அவர்கிட்ட சொல்லு."

அவனும் அந்த ஊர்க்காரன்தானே. சட்டியில வச்ச கையை வெடுக்குன்னு எடுத்துட்டான்.

பிள்ளைங்க ராட்டினத்துக்கு ஓடுச்சுங்க. அமெர்லே நேரா நடந்தா. படகு நின்ன இடத்துல இப்போ வெள்ளைத்துணி விரிச்ச மேசைங்க. டை கட்டின மேனேஜர் பதறி வந்தான். "இங்க என்ன பண்றீங்க?"

ஓதோய்க்கு வேர்த்துக் கொட்டுச்சு. "வா போயிடலாம், மானம் போகுது."

"அது மதில் எழும்பின அன்னிக்கே போச்சு. நீ தூவுறியா, நான் தூவட்டுமா?"

"பொம்பள தூவக் கூடாதுடி!"

"அப்போ ஆம்பள தூவு!"

ஓதோய் சட்டிக்குள்ள கையை விட்டான். முதல் பிடி அவன் செருப்பு மேலயே விழுந்துச்சு. ரெண்டாவது பிடிக்கு அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். குரல் எங்கிருந்து வந்துச்சோ, ராட்டினச் சத்தமே அமுங்கிப் போச்சு. நல்லது வரட்டும்னு அவன் வேண்டினதும் சமையக்கட்டுக் கதவு திறந்துச்சு. சமைக்கிறவங்க, தட்டுக் கழுவுறவங்க எல்லாரும் சேர்ந்து, "ஹியாவ்!"னு குரல் கொடுத்தாங்க. அவங்க ஊர்ல அதுதான் ஆமோதிக்கிற பேச்சு.

"இதை யார் பெருக்குறது?"ன்னு கத்தினான் மேனேஜர். ஒருத்தரும் துடைப்பத்தைத் தொடல.

"நீயே பெருக்கு," அமெர்லே சொன்னா. "பாத்துப் பெருக்கு. எங்கப்பா கோவக்காரர்."

மறுநாளே வாசல்ல பலகை மாட்டிட்டாங்க: பொக்பொய் கொண்டுவரத் தடை. அமெர்லே அடுப்பைத் தூக்கிட்டுப் போய் அந்தப் பலகைக்குக் கீழயே கடையைப் போட்டுட்டா. அடுத்த வருஷம் கொட்டுமேளத்தோட போறாளாம்.

அந்தப் பக்கம் போனா அவளைப் போய்ப் பாருங்க. மீனு நல்லாத்தான் இருக்கும், கூடவே ரெண்டு திட்டும் கிடைக்கும். ஹோமோவோ சமயத்துல போனா ரொம்ப நல்லது. அவகூட உள்ள போக ஆள் வேணும்.