சொறிந்து காட்டியவன்

ஒரு பிள்ளையின் நோயை நடித்துக் காட்டிச் சபையைச் சிரிக்க வைத்தவன் நான். அந்த நோய்க்குக் காரணமும் நானே.

இதை உங்களிடம் சொல்வதால் என் மனம் இலேசாகப் போவதில்லை. ஆயினும் சொல்கிறேன்... நீங்களாவது முகத்தைச் சுளிக்க வேண்டும். இத்தனை வருடங்களில் ஒருவரும் சுளிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பிரதேச சபை உறுப்பினர். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்து மக்களின் வாக்கால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். அந்த வருடம் கிளிநொச்சிச் சண்டைக்குத் தப்பிய சில குடும்பங்கள் யாத்திரை மலையின் அடிவாரத்தில் உள்ள எங்கள் நல்லதண்ணிக்கு வந்து சேர்ந்தன. வேற்றாள்கள் அல்லர். முன்னொரு கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது இங்கிருந்து வடக்கே வன்னிக்கு ஓடிய எங்கள் சனங்கள். திரும்பி வந்தபோது எந்த லயத்திலும் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

யாத்திரிகர் விடுதி நடத்திய சிங்கள முதலாளி ஒருவர் தம் மேல்மாடியைத் திறந்துவிட்டார். மலைக்கு ஆள் வராத மாதங்கள். அறைகள் சும்மா கிடந்தன.

சீசன் நெருங்கியதும் கடைக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். "அகதிங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா யாரு வந்து தங்குவாங்க? நீங்க சொன்னாத்தான் எடுபடும் மெம்பர். தமிழாளே சொன்னா, அப்புறம் யாரு வாயத் தொறப்பா?" என்றார் ஒருவர். சபையின் அடுத்த உப தவிசாளர், அதாவது துணைத் தலைவர், நான்தான் என்றும் சொல்லிவைத்தார்கள். அதற்கு மயங்கினேனா? மயங்கினேன்.

முதலில் தண்ணீரை நிறுத்தினேன். குழாய் திருத்த வேலை என்று சபைத் தொழிலாளியிடம் சொல்லி, விடுதிக்குப் போகும் தண்ணீர்க் குழாயையே மூடச் சொன்னேன். தண்ணீர் இல்லாவிட்டால் தாமாகவே போய்விடுவார்கள் என்பது என் கணிப்பு. ஆற்றுத் துறையில் குளிக்கக் கடைக்காரர்கள் விடவில்லை. அது யாத்திரிகர்கள் முழுகும் இடமாம். முதலாளி வாளிகளில் கொண்டுவந்து கொடுத்த தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே போதவில்லை.

சில வாரங்களில் லெச்சுமி அக்கா என் வீட்டுக்கு வந்தாள். என் பெரியப்பா மகள். விடுதியில் தங்கியிருந்தவர்களில் ஒருத்தி.

"தம்பி, பைப்ப மட்டும் தொறந்துவிடச் சொல்லுங்க. புள்ளைங்க மேலெல்லாம் சொறி. சின்னவ ராவெல்லாம் தூங்க மாட்டேங்குறா."

சின்னவள் கதவோரம் நின்றாள். விரலிடுக்கெல்லாம் புண். ஒரு தோளைத் தூக்கி, முழங்காலை மடக்கி, நின்ற இடத்திலேயே சொறிந்துகொண்டிருந்தாள். அவள் சொறிந்த விதத்தை நான் கவனித்தேன்... மிக நன்றாகக் கவனித்தேன்.

"பார்க்கிறேன் அக்கா" என்றேன். அவர்கள் போனபின் என் மனைவி, அக்கா உட்கார்ந்த நாற்காலியில் வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். நான் தடுக்கவில்லை. நன்றாகக் கழுவு என்றேன்.

பிறகு, அவர்களை விடுதியிலிருந்து அகற்றுவதா என்று முடிவெடுக்கச் சபைக் கூட்டம். அந்த முதலாளியையும் அழைத்திருந்தார்கள். சீசன் முடியும்வரை மேல்மாடியைத் தருவதாகவும், தமக்கு அதில் நட்டமில்லை என்றும் சொன்னார். இந்த மழையில் குழந்தைகள் எங்கே போவார்கள் என்று வயதான சிங்கள உறுப்பினர் ஒருவர் கேட்டார். சபை அந்தப் பக்கம் சாயத் தொடங்கிற்று.

நான் எழுந்தேன். சிங்களத்தில் பேசினேன். இவர்கள் என் ஆட்கள், ஆகவே உரிமையோடு சொல்கிறேன், இவர்களுக்குச் சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது என்றேன். என் தந்தையைப் பற்றித் தோட்டத்துத் துரை சொன்ன அதே சொற்கள்! அவை என் வாயில் எவ்வளவு சரளமாக வந்தன...

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தோளைத் தூக்கினேன். முழங்காலை மடக்கினேன். சொறிந்து காட்டினேன்.

சபை சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு முறையும் செய்தேன்.

அப்போதுதான் பார்வையாளர் இருந்த பின்வரிசை வாங்கில் அக்காவைக் கண்டேன். மடியில் சின்னவள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வாக்கெடுப்பில் நான் வென்றேன். வெளியே வந்தபோது அக்கா வழியில் நின்றாள்.

"நல்லா செஞ்சீங்க தம்பி. அப்படியே எங்க சின்னவ மாதிரியே இருந்துச்சு."

மறுநாள் லொறியில் ஏற்றி, பொகவந்தலாவைப் பக்கம் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அவர்களை இறக்கினார்கள். அன்று மாலையே விடுதிக்குத் தண்ணீர் வந்தது.

சில நாட்களின்பின், கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு கட்டிலில் சின்னவள். முகம் வீங்கிக் கண்கள் மூடியிருந்தன. புண்ணிலிருந்து கிருமி ஏறிச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் அக்காவைக் கண்டித்துக்கொண்டிருந்தார்: "பிள்ளையை இப்பிடியே விட்டு வச்சிருக்கிறது? குளிப்பாட்ட உங்கட இடத்தில தண்ணி இல்லையோ?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரை மறித்தவன் நான், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள் என்று... அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நானோ சுவரைப் பார்த்தேன்.

சின்னவள் இறந்துபோனாள். நான் சாவு வீட்டுக்குப் போகவில்லை. உப தவிசாளரானேன்.

இதோடு முடிந்தது என்று எண்ணாதீர்கள். இனிமேல் சொல்வதுதான் இதில் மிகக் கேவலம். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கையில் யாராவது ஒருவர், "மெம்பர், அந்தச் சொறியை ஒருக்கா செய்து காட்டுங்களேன்" என்பார். செய்து காட்டினேன். அந்தப் பிள்ளை செத்துப்போனதை அறிந்த பின்னும் செய்து காட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

கடைசியாகச் செய்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் பதவியை விட்ட நாளில், ஹட்டனில் எனக்கு வைத்த விருந்தில். என் குடும்பமும் வந்திருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் என் மகள் கேட்டாள்:

"யார் மாதிரிப்பா செஞ்சீங்க?"

"யாரும் இல்லம்மா" என்றேன். "சும்மா."