ஊறுகாய் பாட்டிலில் பிரைமர்

தொண்ணூற்றேழில் டெக்சஸில் இருந்தேன். ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கும் பைத்தியம் எனக்கு. தோட்டாவின் அடியில் பொருத்தும் குட்டி வில்லைதான் பிரைமர். துப்பாக்கி ஊசி தட்டியதும் முதலில் வெடிப்பது அதுதான். எது குறி தப்பாது என்று பார்க்க இரண்டு ரகம் வாங்கினேன். பெட்டிகள் இடத்தை அடைத்தன. பருப்பைக் கொட்டிவைப்பதுபோல இரண்டையும் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் கொட்டிவைத்தேன்.

கலந்துபோனதில் ஒரு குண்டுகூட குறியில் படவில்லை. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்வேனா? நேராகக் கடைக்குப் போனேன்.

"நீ கொடுத்த சரக்கு மட்டம்" என்று கடைக்காரன் முகத்துக்கு நேரே பாட்டிலைக் குலுக்கினேன்.

அவன் வெளுத்துப்போனான். "குலுக்காதே! மெதுவாகக் கீழே வை!"

வைத்தேன். "என் நிறத்தைப் பார்த்துத்தானே கத்துகிறாய்?" என்று நானும் கத்தினேன்.

"முட்டாளே, பெட்டியில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் இருப்பது எதற்கு? இதில் ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும். உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

வீட்டில் இந்தப் பாட்டிலை வைத்திருந்த அதே அலமாரியில், அதே மாதிரி பாட்டிலில் கல்கண்டு இருந்தது. என் மூன்று வயது மகள் அதைக் குலுக்கிக்கொண்டே வீடெல்லாம் திரிவாள்.

அந்த ஆளை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் மரியாதையாகச் சொல்லியிருந்தால், நான் கேட்டிருக்கவே மாட்டேன்.